கதவில் சிவப்புச் சாயம்: யாருக்காவது அனுபவம் உண்டா?

அண்ணன்மாரே, அக்காமாரே, ஓர் உதவி. சிங்கப்பூர் யீஷூனில் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு வாங்கிக் குடிவந்து மூன்று மாதம்தான். இன்று விடியற்காலை கதவைத் திறந்தால் சிவப்புச் சாயம்! படிக்கட்டுச் சுவரில் எங்கள் வீட்டு எண். கடனை வசூலிக்க மிரட்டும் ஆலோங் (சட்டவிரோதமாக வட்டிக்குக் கடன் கொடுப்பவன்) வேலைதான் இது. கடன் வாங்கியது இந்த வீட்டில் முன்பு இருந்தவராக இருக்கலாம். ஆலோங்குக்கு விலாசம் போதுமே, யார் குடியிருக்கிறார் என்று பார்ப்பதில்லை.

போலீஸ் வந்து படமெடுத்துப் போனார்கள். புளோக்கில் போலீஸ் கேமரா உண்டு, ஆனால் அது கீழ்த்தள லிஃப்ட் வாசலைத்தான் பார்க்கிறது, எங்கள் தாழ்வாரத்தை அல்ல. சாயம் ஊற்றியவன் எந்த மாடிக்குப் போனான் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? கடனாளி நான் இல்லை என்று காட்ட வீடு வாங்கிய பத்திரம் போதுமா? வாசலில் சொந்தக் கேமரா வைத்தவர்கள், எதிர்வீட்டுக் கதவு பதிவாகாமல் எப்படித் திருப்பி வைத்தீர்கள்? அடுத்த வாரம் அம்மா ஊரிலிருந்து வருகிறார். தின்னர் போட்டும் கறை போகவில்லை, அதற்கும் வழி சொல்லுங்கள்.