நுழைவுத்தேர்வில் தேறாத தங்கை: முதல் சில வாரங்களை எப்படிக் கடத்துவது?

தாழ்வாரம் (கேள்வி):
தங்கைக்கு வயது 18. ரிசல்ட் வந்து இன்றோடு 5 நாள். 100 கேள்வி, சரிக்கு 4, தப்புக்கு 1 கழிவு. கட்-ஆஃபுக்கு 27 மதிப்பெண் குறைந்துவிட்டது. ராத்திரி 2 மணிக்கும் அந்த ரிசல்ட் பக்கத்தையே திறந்து திறந்து பார்க்கிறாள், பகலெல்லாம் தூக்கம். காலையில் "இன்னொரு தடவை எழுதறேன்" என்கிறாள், சாயங்காலம் "எனக்குப் படிப்பே வேண்டாம்" என்கிறாள். அப்பா இந்த வாரத்துக்குள் முடிவு சொல்லச் சொல்கிறார். அவளிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது? எப்போது புத்தகத்தைத் திறக்கச் சொல்லலாம்?

பழைய பேனா:
முதலில் அப்பாவிடம் பேசுங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று சொல்பவளிடம் இந்த வாரம் வாங்கும் முடிவு நிற்காது. ரிசல்ட் வந்ததிலிருந்து 15-வது நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். அதுவரை "என்ன பண்ணப் போறே?" என்ற கேள்வி வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. ஆனால் மாற்றுப் படிப்புகளின் கடைசித் தேதி உங்களுக்காகக் காத்திருக்காது. அவற்றை நீங்களே தேடி எழுதி வையுங்கள், அவள் சம்மதித்தால் படிவத்தையும் போட்டுவிடுங்கள். போட்டுவிட்டால் சேர்ந்தே ஆக வேண்டும் என்றில்லை.

தூக்கத்தில், எழும் நேரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். தூங்கச் சொல்லி யாரையும் தூங்க வைக்க முடியாது, எழுப்ப முடியும். தினமும் ஒரே நேரத்தில் எழுப்பி, அரைமணி நேரம் வெளிச்சத்தில் கூடவே நடந்துவிட்டு வாருங்கள். பகல் தூக்கம் அரைமணிக்குமேல் வேண்டாம். ராத்திரி போன் அடுத்த அறையில் இருக்கட்டும், ஆனால் பிடுங்காதீர்கள்; அலாரத்துக்கு ஒரு கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு, கேட்டு வாங்குங்கள்.

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்பது ஆறுதல் மாதிரி இருக்கும். அவள் காதில் "உன் உழைப்பு ஒன்றுமில்லை" என்றுதான் விழும். "ரொம்ப உழைச்சே, வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். விசாரிக்கும் உறவினர்களுக்கு வீட்டில் எல்லோரும் ஒரே வாக்கியம் சொல்லுங்கள்: "இந்தத் தடவை கிடைக்கல, அடுத்தது யோசிச்சுட்டிருக்கா." அதற்குமேல் பேச்சை வளர்க்க வேண்டாம். போனை அவள் கையில் கொடுக்கவும் வேண்டாம்.

கரும்பலகை:
27 என்று கேட்டால் மலையாகத் தெரியும். ஆனால் தெரிந்த கேள்வியைக் கோட்டைவிட்டால் போவது 5 மதிப்பெண்: வரவேண்டிய 4 வரவில்லை, கையில் இருந்த 1-ம் போயிற்று. அப்படி 6 கேள்வி போனாலே 30. அவளுக்கும் கட்-ஆஃபுக்கும் நடுவே நிற்பது ஆறே கேள்வியாக இருக்கலாம். தாளைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவது வாரம், விடைக்குறிப்பைத் தொடாமல், அதே தாளை அதே நேரக் கணக்கில் மறுபடி எழுதச் சொல்லுங்கள். தேர்வன்று குறித்த விடைகளின் நகல் கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹாலில் தப்பு, வீட்டில் சரி என்றால் பாடம் தெரியும். பதற்றமோ நேரமோ கவிழ்த்திருக்கிறது. இரண்டிலும் தப்பு என்றால் பாடமே பிடிபடவில்லை. சரியாக வந்தும் ஏன் சரி என்று சொல்லத் தெரியாவிட்டால் அது அதிர்ஷ்டம். அதையும் தெரியாத கணக்கில் சேருங்கள், பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

ஒவ்வொரு தப்புக்கும் ஒரு வரி. "கே. 37: 'தவறானது எது' என்பதைச் 'சரியானது எது' என்று படித்தது." வெறும் "கவனக்குறைவு" என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "தவறானது, அல்லாதது கண்டால் அடிக்கோடு" என்பதைப் பழக முடியும்.

பாடம் பிடிபடாதது அதிகம் என்றால் மணிக்கணக்கைக் கூட்டிப் பயனில்லை, படிக்கும் முறை மாற வேண்டும். உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-ல் வெளியிட்ட சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். "படிச்சதெல்லாம் ஹால்ல மறந்துபோச்சு" என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை முறை மூடி வைத்து எழுதிப் பார்த்தாய் என்று.

நீரோடை:
ஒரு சின்னச் சேர்க்கை. "குத்துமதிப்பா டிக் அடிச்சுத்தான் கெடுத்துக்கிட்டேன்" என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டால், கணக்கைக் காட்டுங்கள். நான்கு விடைகளில் கண்ணை மூடி ஒன்றைத் தொட்டால், சராசரியாக நான்கில் 1 சரி, 3 தப்பு: 4 கழித்தல் 3, மிச்சம் 1. நஷ்டம் இல்லை. ஒரு விடையை உறுதியாகத் தள்ள முடிந்தால் இன்னும் லாபம்.

தாளைத் தொடுமுன் மனதில் உள்ளதை எழுதிக் கொட்டுவது உதவலாம். உளவியல் ஆய்வாளர்கள் பென்னிபேக்கரும் பீலும் 1986-ல் வெளியிட்ட ஆய்வின் முறை எளிது: தினம் 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள், நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதுவது. பிழை பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்ட வேண்டாம், கிழித்தும் போடலாம். எழுதி முடித்த உடனே மனம் இன்னும் கனக்கும். அந்த ஆய்விலும் அப்படித்தான் இருந்தது. அதனால் படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். 4 நாளும் ஒரே வாக்கியத்தையே சுற்றிச் சுற்றி வந்தால் நிறுத்திவிடுங்கள்.

தாழ்வாரம்:
எல்லோருக்கும் நன்றி. அப்பா 15 நாளுக்கு ஒப்புக்கொண்டார். ஒன்றை எழுதாமல் விட்டேன். நேற்று "நான் இல்லாமலே இருந்திருக்கலாம்" என்றாள். கோபத்தில் சொன்னதாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பழைய பேனா:
விடாதீர்கள். இன்றே, தனியாக, நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகணும்னு தோணுதா?" கேட்டால் எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், அப்படி ஆவதில்லை. பெரும்பாலும் யாராவது கேட்டார்களே என்ற நிம்மதிதான் வரும். பதில் வந்ததும் அதட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். "எப்பவிருந்து? எப்படின்னு யோசிச்சியா?" என்று கேளுங்கள்.

ஆம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பினாலோ, தனியாக விடாமல் இன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வழி யோசித்து வைத்திருக்கிறாள் என்றால் நேரே அவசரப் பிரிவுக்கு. வீட்டில் உள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் இப்போதே எடுத்துப் பூட்டிவிடுங்கள். இல்லை என்று சொன்னாலும், சாப்பாடு, தூக்கம், எதிலும் ஆர்வமின்மை இரண்டு வாரம் இப்படியே நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூன்றாவது வாரத் தாள் அதற்கு அப்புறம்.