கன்ட்ரி இசையும் நாட்டுப்புறப் பாட்டும்: நேரில் கேட்டவர்களின் அனுபவங்கள்

பதிவு 1

கன்ட்ரி என்னும் அமெரிக்க வணிக இசையின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பத்தின் நினைவாக, வர்ஜீனியாவின் ஹில்டன்ஸ் ஊரில் சனிக்கிழமைதோறும் நடக்கும் கச்சேரிக்குப் போயிருந்தேன். மேடையில் அக்குடும்பத்தின் புகழ்பெற்ற ‘வைல்ட்வுட் பிளவர்’ பாட்டு ஒலித்தபோது, பக்கத்தில் இருந்த முதியவரும் கூடவே முணுமுணுத்தார். மெட்டு ஒன்றாக இருந்தும் சொற்கள் வேறாக இருந்தன. இடைவேளையில் கேட்டதற்கு, “அது இசைத்தட்டுப் பாட்டு, இது என் பாட்டியின் பாட்டு” என்றார். தட்டில் உள்ளது கன்ட்ரி, பாட்டியுடையது நாட்டுப்புறப் பாட்டு என்று எனக்குப் பட்டது. 1928-இல் கார்ட்டர் குடும்பம் பதிவுசெய்த சொற்களே நிலைத்துவிட, பாட்டியின் சொற்கள் அவர் வாய்க்குள் ஒடுங்கிவிட்டன.

பதிவு 2

பாட்டி பாடினார் என்பதாலேயே அது நாட்டுப்புறப் பாட்டாகிவிடாது. அதன் மூலப்பாட்டு, வீட்டு வரவேற்பறையில் பாடுவதற்கென 1860-இல் அச்சிட்டு விற்கப்பட்டது. நான் வட கரோலினாவின் மேடிசன் மாவட்டத்தில் கேட்டதுதான் வேறு வகை. நாட்டுப்புறப் பாட்டுகளைத் தொகுத்த ஆங்கிலேயர் செசில் ஷார்ப் 1916-இல் பாட்டுத் தேடிச் சென்ற அந்த மலைப்பகுதியில், ஒரு மூதாட்டி கொலைக்கதை ஒன்றைப் பக்கவாத்தியமின்றி, முகத்தில் எந்தச் சலனமும் காட்டாமல் பாடினார். முடிந்ததும் கைதட்டியவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் அடுத்த கதைக்குக் காத்திருந்தார்கள்.

பதிவு 3

இருவரும் பணத்தை மறந்துவிட்டீர்கள். வர்ஜீனியா–டென்னசி எல்லையில் உள்ள பிரிஸ்டல் ஊரின் கன்ட்ரி இசை அருங்காட்சியகத்தில் அரை நாள் செலவிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: 1927-இல் அவ்வூரில் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஒலிப்பதிவு செய்த ரால்ஃப் பியர், புதிதாக உரிமை பதிய இயலும் பாட்டுகளையே நாடினார். அதனால் கார்ட்டர் குடும்பத்தின் தலைவர் ஏ. பி. கார்ட்டர் மலையூர்களில் பாட்டுத் திரட்டினார்; சொற்களை அவர் எழுதிக்கொள்ள, உடன் சென்ற கறுப்பினக் கிதார் கலைஞர் லெஸ்லி ரிடில் மெட்டுகளை மனத்தில் இருத்திக்கொண்டார். உரிமைப் பதிவில் ரிடிலின் பெயர் ஏறவில்லை. ஆகவே, பழைய தட்டு கிடைத்தால் முதலில் ஆசிரியர் பெயரைப் பாருங்கள். அடுத்து, நீண்ட கதைப்பாட்டு ஏறத்தாழ மூன்று நிமிடத் தட்டில் அடங்க எந்தச் சரணங்களை இழந்தது என்று ஒப்பிடுங்கள். கன்ட்ரி இசையில் ஒலிக்கும் பாஞ்சோ என்னும் நரம்பிசைக் கருவியின் வேர் ஆப்பிரிக்காவில் இருப்பதையும் மறவாதீர்கள். கன்ட்ரி என்பதை ‘நாட்டுப்புற இசை’ என்று மொழிபெயர்ப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். குழப்பத்தில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

பதிவு 1 எழுதியவர்

1860-ஆம் ஆண்டுச் செய்தியை ஏற்கிறேன். ஆனால் அச்சிட்ட சொற்களையும் தட்டில் உள்ள சொற்களையும் இன்றும் தேடி எடுக்கலாம். அந்த முதியவர் முணுமுணுத்ததை எழுதிக்கொள்ளக் கையில் பேனா இருந்தும், இடைவேளை முடிந்துவிட்டதென்று நான் இருக்கைக்குத் திரும்பிவிட்டேன்.