அப்பாவின் எடைக்குப் போட்ட ஸ்பிரிங்: ஆர்எக்ஸ் 100 முன் ஃபோர்க்கை மாற்றிய என் அனுபவம்

எங்கள் வீட்டு யமஹா ஆர்எக்ஸ் 100, அப்பா 1993இல் வாங்கிய வண்டி. அப்போது அவருடைய எடை 58 கிலோ. தண்டையார்பேட்டையிலிருந்து துறைமுக வேலைக்குப் போய்வர அதைத்தான் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டினார். இப்போது அதே வண்டியில் நான் தினமும் எண்ணூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். என் எடை 84 கிலோ. முதுகில் பையையும் மாட்டிக்கொண்டால் 90ஐத் தொடும். முன்சக்கரத்தை இரு பக்கமும் தாங்கி, உள்ளே ஸ்பிரிங்கும் ஆயிலும் கொண்ட முன் ஃபோர்க்கில் எனக்கு இருந்த தொல்லை முழுவதும் இந்த எடை வித்தியாசத்தில்தான் இருந்தது என்பதை நான் கண்டுகொள்ள இரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் செய்யக்கூடாத வேலைகளையும் செய்துவிட்டேன். பழைய வண்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

காசிமேட்டைத் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் போய்ப் பழகியவர்களுக்கு அந்தச் சாலையின் குணம் தெரியும். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். அவற்றின் பாரத்தில் தார் இரு பக்கமும் பிதுங்கி, நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளமும் மேடும் விழுந்திருக்கும். அங்கே முன் பிரேக்கைப் பிடித்த நொடியில் என் வண்டியின் முன்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த நிலையிலேயே சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால், ஃபோர்க் அடிவரை போய் இரும்பில் இரும்பு இடிக்கும் 'டங்' என்ற ஓசை கேட்கும். அந்த அதிர்ச்சி கைப்பிடி வழியாகத் தோள்வரை ஏறும். மழை தூறிய ஒரு மாலையில் இப்படி இடித்த அதே கணத்தில் முன் டயர் பிடிப்பை இழந்து ஒரு சாண் தூரம் வழுக்கியது. பக்கத்தில் லாரியின் பின்சக்கரம் இருந்தது. அன்று இரவே ஃபோர்க்கைச் சரிசெய்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

முதலில் நான் போன மெக்கானிக், ஃபோர்க் ஆயிலுக்குப் பதிலாகக் கெட்டியான 20-50 இன்ஜின் ஆயிலை ஊற்றினால் முன்பக்கம் விறைப்பாகிவிடும் என்றார். ஊற்றிக்கொண்டு வந்தேன். பிரேக் பிடிக்கும்போது மூக்கு இறங்கும் வேகம் குறைந்ததென்னவோ உண்மை. ஆனால் இறங்கும் தூரம் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை. ஆயிலால் வேகத்தைத்தான் தடுக்க முடியும், பாரத்தைத் தாங்க முடியாது. நம் பழைய வண்டிகளின் ஃபோர்க்கில் ஆயில் சின்னஞ்சிறு துளைகள் வழியாகத்தான் போய்வருகிறது. மெதுவாக அமுங்கும்போது அந்தத் துளைகள் பெரிய தடையாக இருப்பதில்லை. பள்ளத்தின் கூரான விளிம்பில் சக்கரம் சடாரென்று ஏறும்போது தடை பல மடங்காகிவிடும். கெட்டியான ஆயிலை ஊற்றியதும் சிறு கல்லின் மீது ஏறினால்கூட மணிக்கட்டில் அடி விழுந்தது. வரிசையாகப் பள்ளங்கள் வந்தபோது, ஒன்றிலிருந்து ஃபோர்க் முழுதாக எழுந்து வருவதற்குள் அடுத்தது வந்துவிட, முன்பக்கம் மேலும் மேலும் தாழ்ந்துகொண்டே போனது.

அடுத்த தவறை நானே செய்தேன். குழாய் வேலைக்கு வாங்கி மீந்திருந்த பிவிசி பைப்பை 40 மில்லிமீட்டர் நீளத்துக்கு இரண்டு துண்டாக வெட்டி, ஸ்பிரிங்கின் தலையில் ஸ்பேசராக, அதாவது இடைவெளி நிரப்பும் துண்டாக, வைத்து மூடியை இறுக்கினேன். வண்டி உயரமாக நின்றது. எனக்கும் பெருமையாக இருந்தது. ஆனால் ஸ்பேசர் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கிறதே தவிர, ஸ்பிரிங்கின் விறைப்பை மாற்றுவதில்லை. நான் 40 மில்லிமீட்டர் அமுக்கி வைத்ததில், வேகத்தடையைத் தாண்டி முன்சக்கரம் மேலே எழும்பும் ஒவ்வொரு முறையும் ஃபோர்க் மேல் எல்லையில் போய் 'டக்' என்று முட்டியது. பைப் துண்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்பு வாஷர் வைக்கவேண்டும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

ஸ்பிரிங்கின் அடியில் ஐந்தாறு சுற்றை வெட்டி எறிந்துவிட்டு ஸ்பேசர் போடலாம் என்று இன்னொருவர் சொன்னார். இதை முழு அறியாமை என்று ஒதுக்க முடியாது. சுற்றுகளின் எண்ணிக்கை குறைந்தால் விறைப்பு கூடும். பத்தில் ஒரு பங்கை வெட்டினால் ஏறத்தாழ 11 சதவீதம் கூடும். ஆனால் வெட்டிய முனை தட்டையாக உட்காராமல் சாய்ந்து, ஃபோர்க் பைப்பின் உட்சுவரை உரசும். ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996இலேயே நின்றுபோன நிலையில், கையில் இருக்கும் ஒரே ஜோடி ஸ்பிரிங்கை வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

திருப்பம் கொருக்குப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் நேர்ந்தது. பிவிசிக்குப் பதிலாக அலுமினிய ஸ்பேசர் கடைந்து வாங்கலாம் என்றுதான் போனேன். பட்டறைக்காரப் பெரியவர் அளவைக் கேட்கவில்லை, "தம்பி, உங்க வெயிட் எவ்ளோ?" என்று கேட்டார். சொன்னதும், "இந்த வண்டி முன்னாடி எவ்ளோ உக்காருதுன்னு அளந்து பாத்தீங்களா?" என்றார். நான் அளந்ததில்லை. அங்கேயே அளந்து காட்டினார். முதலில் என்னுடைய பிவிசி ஸ்பேசர்களைக் கழற்றி வெளியே எடுக்கச் சொன்னார். இடது பைப்பிலிருந்து முழுத் துண்டு வரவில்லை. நீளவாக்கில் பிளந்து, சில்லுகள் ஆயிலில் மிதந்தன. அந்தச் சில்லு ஒன்று ஆயில் போகும் துளையை அடைத்திருந்தால் நடுச்சாலையில் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

அவர் அளந்த முறையை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் எந்தச் செலவும் செய்வதற்கு முன் எல்லோரும் செய்ய வேண்டியது இதுதான். முன்சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி, தூசி தடுக்கும் டஸ்ட் சீலின் விளிம்பிலிருந்து ஃபோர்க் பைப்பைப் பிடித்திருக்கும் கீழ்க் கிளாம்ப் வரை வெளியே தெரியும் பைப்பின் நீளத்தை அளந்தார். பிறகு என்னைப் பையோடு உட்காரச் சொல்லி, பட்டறைப் பையன் பின்னால் பிடித்துக்கொள்ள, முன்பக்கத்தை ஒருமுறை அமுக்கி மெதுவாக எழவிட்டு அளந்தார். இன்னொரு முறை தூக்கி மெதுவாக இறங்கவிட்டு அளந்தார். தூக்கி நிறுத்தியபோது இருந்ததைவிட முதல் முறை 59 மில்லிமீட்டர் குறைந்தது, இரண்டாம் முறை 53. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சீல்களின் உராய்வு. நடுவே உள்ள 56தான் வண்டி உண்மையில் உட்காரும் அளவு. என் ஃபோர்க் அமுங்கக்கூடிய மொத்தத் தூரமே சுமார் 110. நான் ஏறி உட்கார்ந்ததுமே பாதி போய்விட்டது, மீதிப் பாதியில்தான் பிரேக்கும் பள்ளமும் சமாளிக்கப்பட வேண்டும். மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக உட்கார்ந்தால் சாலை வண்டிக்குச் சரி என்றார் அவர்.

ஸ்பிரிங் பழசாகித் தளர்ந்துவிட்டது என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அவர் அதையும் திருத்தினார். வயதானால் ஸ்பிரிங்கின் நீளம் குறையும், ஆனால் விறைப்பு பெரிதாக மாறாது. எஃகு அதே எஃகுதான். ஆகவே அதே அளவில் புது ஸ்பிரிங் வாங்கிப் போட்டால் வயதால் இழந்த நீளம் திரும்பக் கிடைக்குமே தவிர, என் எடைக்கான விறைப்பு கிடைக்காது. அதை மெய்ப்பிக்க, டிரில்லிங் மெஷினின் மேடையில் எடை மெஷினை வைத்து, அதன்மேல் ஸ்பிரிங்கை நிறுத்தி, மேலிருந்து சரியாக 25 மில்லிமீட்டர் அமுக்கினார். 10 கிலோ காட்டியது. மறு 25க்கு மறுபடி 10 கூடியது. இந்த எண்தான் அப்பாவுக்குப் பொருத்தமாக இருந்த எண்.

ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்காகக் கூடும் என்பது பாலிடெக்னிக்கில் நான் மனப்பாடம் செய்த சூத்திரம். அன்றுதான் அது கையில் பிடிபட்டது. பழைய கம்பி வெர்னியரில் 3.5 மில்லிமீட்டர் காட்டியது. சுற்றின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் மாற்றாமல் கம்பியை மட்டும் 3.7 ஆக்கினால் விறைப்பு ஏறத்தாழ 25 சதவீதம் கூடுகிறது. கண்ணுக்குத் தெரியாத 0.2 மில்லிமீட்டர் செய்யும் வேலை இது. ஆனால் தடித்த கம்பியில் ஓர் ஆபத்தும் உண்டு. 58 சுற்றுக்கும் 0.2 வீதம் கூட்டினால், சுற்றோடு சுற்று ஒட்டி நிற்கும் நீளம் 11.6 மில்லிமீட்டர் அதிகமாகிறது. ஃபோர்க் அடிவரை அமுங்குவதற்குள் சுற்றுகள் ஒட்டிக்கொண்டால், அந்த இடத்தில் ஸ்பிரிங் வெறும் இரும்புத் தடியாகிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்து, போதிய இடைவெளி இருக்கிறது என்று உறுதிசெய்த பிறகே வியாசர்பாடி தொழிற்பேட்டையில் ஸ்பிரிங் சுற்றும் ஒரு பட்டறைக்குப் போனேன்.

அங்கே பார்த்த ஒரு வேலை என் மனதில் நின்றுவிட்டது. சுற்றி, சூடேற்றி, இரு முனைகளையும் தட்டையாகத் தேய்த்த புது ஸ்பிரிங்கை உடனே என் கையில் கொடுக்கவில்லை. ஒரு பிரஸ்ஸில் வைத்து, சுற்றுகள் ஒட்டும் வரை மூன்று முறை அமுக்கி விட்டார்கள். முதல் அமுக்கலில் நீளம் 3 மில்லிமீட்டர் குறைந்தது. அடுத்த இரண்டில் அசையவில்லை. "இறங்க வேண்டியது இங்கயே இறங்கிடணும் சார், உங்க வண்டில போய் இறங்கக் கூடாது" என்றார் பிரஸ்ஸை இயக்கியவர். இதைச் செய்யாத ஸ்பிரிங்கை வாங்காதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். எடை மெஷினில் வைத்தபோது 25 மில்லிமீட்டருக்கு 12.5 கிலோ காட்டியது.

ஃபோர்க்கை முழுதாகப் பிரித்தபோது கடற்காற்று செய்திருந்த வேலையும் தெரிந்தது. வலது பைப்பின் குரோம் பூச்சில், சீல் ஏறி இறங்கும் இடத்திலேயே, கடுகளவில் துருக்குழிகள் இருந்தன. கண்ணுக்குச் சரியாகத் தெரியாவிட்டாலும் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். அந்தக் குழிகளின் விளிம்பு ஒவ்வொரு அமுக்கத்திலும் ஆயில் சீலின் உதட்டை அறுத்துக்கொண்டிருந்தது. ஃபோர்க்கின் வலது காலில் ஆயில் 25 மில்லி குறைவாக இருந்ததற்கு அதுவே காரணம். அந்தப் பைப்பை மாற்றினேன். வாங்கும்போது கடையின் கண்ணாடி மேசைமேல் உருட்டி வளைவு இல்லை என்று பார்த்துக்கொண்டேன். சீல்கள் இரண்டும் புதியவை.

பூட்டும் வேலையை வீட்டு வாசலில் நானே செய்தேன். மூடியைத் திருகும்போது ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும் என்பதால், உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மரை நேராகப் பிடிக்கிறதா என்று உணர்ந்த பிறகே ஸ்பேனரைப் போட வேண்டும். கழற்றும்போது முகத்தை மூடிக்கு நேராக வைக்கவே கூடாது. ஆயிலின் மட்டத்தை ஸ்பிரிங் இல்லாமல், ஃபோர்க்கை முழுதாக அமுக்கி வைத்து, மேல் விளிம்பிலிருந்து அளந்து இரண்டு காலிலும் ஒன்றாக வைத்தேன். மேலே மிஞ்சும் காற்றும் ஒரு ஸ்பிரிங் போலவே வேலை செய்கிறது. மட்டம் ஏறினால் கடைசித் தூரத்தில் ஃபோர்க் கல்லாகிவிடும். முதல் அளவில் 44 மில்லிமீட்டர் உட்கார்ந்தது. 8 மில்லிமீட்டரில் அலுமினிய ஸ்பேசரை வாஷரோடு வைத்தேன், 36 ஆனது. ஆயில் 10 டபிள்யூவில் தொடங்கினேன். விறைப்பான ஸ்பிரிங் எழுந்துவரும் வேகத்தை அது போதுமான அளவு அடக்காமல் முன்பக்கம் ஒரு குதி குதித்ததால் அதைவிடக் கெட்டியான 15 டபிள்யூவுக்கு மாறினேன்.

அதே எண்ணூர்ச் சாலையில் முதல் நாள் போனபோது, லாரிக்குப் பின்னால் பிரேக் பிடித்தேன். மூக்கு இறங்கியது, ஓர் இடத்தில் நின்றது, அந்த நிலையில் வந்த பள்ளத்தையும் விழுங்கிவிட்டு எழுந்தது. 'டங்' இல்லை. எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்கப் பைப்பில் கட்டிவிட்டிருந்த கேபிள் டை, அடிவரை போகாமல் 15 மில்லிமீட்டர் மிச்சம் காட்டியது. எதிர்பாராத இரண்டு விஷயங்களும் இருந்தன. முன்பக்கம் 20 மில்லிமீட்டர் உயர்ந்ததால் ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடித்தது. அன்று மாலையே கீழே இறக்கினேன். பிரேக் பிடிக்கும்போது ஒரு சிறிய தட்டலும் கேட்டது. ஃபோர்க் என்று பயந்தேன், கைப்பிடி திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட்தான். முன்பு பெரிய இடிச் சத்தத்தில் மறைந்திருந்த தேய்மானம் இப்போது வெளியே வந்திருந்தது. பந்துகள் அழுத்திக் குழி விழுந்திருந்த கிண்ணங்களை மாற்றியதும் அதுவும் அடங்கியது.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனார். அவருடைய எடை இப்போது 54 கிலோ. திரும்பி வந்து பையை இறக்கி வைத்துவிட்டு, "நல்லாதான் நிக்குது, ஆனா எனக்கு கை வலிக்குதுப்பா" என்றார். அவர் உட்கார்ந்த நிலையில் அளந்து பார்த்தேன். 36 இல்லை, 20தான் இறங்கியது. பழைய ஸ்பிரிங் இரண்டையும் துடைத்து, ஆயில் தடவி, பேப்பரில் சுற்றி, '1993, 25 மில்லிமீட்டருக்கு 10 கிலோ' என்று எழுதிப் பரணில் வைத்திருக்கிறேன். அவர் ஊருக்கு எடுத்துப்போக வேண்டும் என்று கேட்கும் வாரத்தில் மாற்றிப் பூட்ட எனக்கு ஒரு மணி நேரம் ஆகும்.