எண்ணெயில் செய்யும் கார பிஸ்கட் கல்லாகிறது

வெண்ணெய்க்குப் பதில் கடலை எண்ணெய் ஊற்றிக் கார பிஸ்கட் செய்கிறேன். இரண்டு வாரத்தில் 4 முறை ஆயிற்று. சுடச்சுட நன்றாகத்தான் இருக்கிறது. ஆறியதும் ஓரம் கல், நடுவில் ஜவ்வு. மாமனார் காபியில் முக்கித்தான் சாப்பிடுகிறார், பாவம்.

மைதா 200 கிராம், எண்ணெய் 60 மில்லி, தயிர் 4 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, உப்பு. 28 லிட்டர் ஓடிஜி (சின்ன மின்சார ஓவன்), 180 டிகிரி, 20 நிமிடம். ஊர் கோவை.

எண்ணெயை 80 மில்லி ஆக்கினேன், தட்டெல்லாம் கசிந்தது. தயிரைக் குறைத்தால் மாவு திரளவில்லை, தேய்க்கும்போதே விரிசல். அப்புறம் 160 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தேன், நிறம்கூட மாறவில்லை.

பேக்கரி கார பிஸ்கட் மாதிரி வாயில் போட்டதும் பொலபொலவென்று உதிர, இந்த 200 கிராம் மைதாவுக்கு எண்ணெயும் தயிரும் எவ்வளவு சேர்க்க வேண்டும்?