தோசே பாரெஸ்: குடும்பம் காப்பாத்துச்சா, கூறு போட்டுச்சா?

ரெட்டைக்கம்பு:
"குடும்பம் நடத்துற சண்டைப் பள்ளி ரெண்டு தலைமுறையில மூடிடும், இல்லேன்னா கடையா மாறிடும்"னு போன வாரம் வாதாடி எழுதியிருந்தார். அங்கேயே பதில் போட்டா பேச்சு திசைமாறும்னு இங்கே தனியா ஆரம்பிக்கிறேன். என் பதில் ஒரே ஒரு பேர்: தோசே பாரெஸ். பிலிப்பைன்ஸ்ல செபு நகரம். 1932 ஜனவரி 11ல தொடங்கினது, இன்னைக்கும் ஓடுது.

தெரியாதவங்களுக்கு: பிரம்புக் கம்பு, வாள், கத்தி வெச்சு ஆடுற கலை இது. செபுல எஸ்கிரிமாம்பாங்க, மணிலாப் பக்கம் ஆர்னிஸ். 1920ல லொரென்சோ சாவெத்ரா (எல்லாரும் கூப்பிடுற பேர் என்சோங்) தலைமையில லபாங்கோன் பகுதியில ஒரு ஃபென்சிங் கிளப் இருந்துச்சு. ஒரு பத்து வருஷத்துல அது கலைஞ்சுபோச்சு. அந்த ஆளுங்களும் கான்யெத்தே வீட்டு அண்ணன் தம்பிகளும் சேர்ந்து மறுபடி எழுப்பினதுதான் தோசே பாரெஸ். முதல் தலைவர் யூலோகியோ கான்யெத்தே. 1988ல கண்ணை மூடுற வரைக்கும் அவர்தான் தலைவர். 56 வருஷம். நடுவுல ஜப்பான்காரன் வந்தான், 1946ல சுதந்திரம், 1972ல ஜனாதிபதி மார்கோஸோட ராணுவச் சட்டம். எத்தனையோ கிளப் காணாமப் போச்சு. இது போகலை. ஏன்னா அது கிளப் இல்ல, வீடு.

வாதாடி:
56 வருஷம் ஒரே ஆள் நாற்காலியில இருந்தா அரசியல்ல அதுக்கு வேற பேர் வெச்சிருக்கோம் நண்பரே. சண்டைப் பள்ளின்னா மட்டும் பாரம்பரியமா?

நீங்களே சொல்லிட்டீங்க, மூலவர் சாவெத்ரான்னு. இன்னைக்கு வெளியூர்ல தோசே பாரெஸ்னு சொன்னா யார் பேர் வருது? கான்யெத்தே, கான்யெத்தே, கான்யெத்தே. லொரென்சோவோட சொந்தக்காரர் தியோடோரோ சாவெத்ரா, டோரிங்னு சொல்வாங்க. போருக்கு முன்னாடி செபுல அவரை மிஞ்சின ஆள் இல்லைன்னு பழைய ஆளுங்க எல்லாரும் சொல்றாங்க. போர்ல ஜப்பான்காரங்க அவரைக் கொன்னுட்டாங்க. அதோட சாவெத்ரா கிளை பட்டுப்போச்சு. மிச்சம் இருந்தவங்க வீடு தோசே பாரெஸ் ஆச்சு. வாத்தியாருக்குச் சுவத்துல மாலை, பெட்டிச் சாவி வேற ஆள் இடுப்புல. இதுதான் நான் சொல்ற குடும்பப் பள்ளி.

தோசைப்பிரியன்:
தலைப்பைப் பார்த்து நம்ம ஏரியான்னு ஓடி வந்தேன். ஏமாத்திட்டீங்களே. சரி வந்தது வந்தாச்சு, பேருக்கு என்ன அர்த்தம்?

ரெட்டைக்கம்பு:
தோசேன்னா ஸ்பானிஷ்ல பன்னிரண்டு பாஸ், மாவு புளிக்க வேண்டியதில்ல. ஐரோப்பாவுல ஃபிராங்கு மக்களோட ராஜா சார்லமேனோட பன்னிரண்டு வீரர்களைக் குறிக்குற பேர். நம்ம ஊர்ல பஞ்ச பாண்டவர் கதை எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கூத்து பார்த்தே தெரிஞ்ச மாதிரி, ஸ்பானிஷ் காலத்துல பிலிப்பைன்ஸ் கிராமத்துல சார்லமேன் கதை மேடை நாடகமாவும் பாட்டுக் கதையாவும் ஊறிப்போயிருந்துச்சு. மேடையில கத்திச் சண்டைன்னாலே கூட்டம் கூடும். அங்கிருந்து எடுத்த பேர்.

வாதாடிக்கு: டோரிங் செத்தது குடும்பத்தோட குத்தமா? அவர் போனதுக்கு அப்புறம் அந்தக் கம்பைக் கீழே போடாம வெச்சிருந்தது யாரு?

கடாரம்1025:
செபுவை உருவாக்கினதே ஸ்ரீ லுமாய்ங்கிற சோழ இளவரசன். அப்போ இந்த எஸ்கிரிமா எங்கிருந்து போயிருக்கும்னு நான் சொல்லணுமா? நம்ம சிலம்பம்தான்.

வாதாடி:
வந்துட்டார்யா. ஸ்ரீ லுமாய் கதை 20ஆம் நூற்றாண்டுல அச்சான ஒரு கதைத்தொகுப்புல வருது, வரலாற்று ஆய்வாளர்கள் அதை ஆதாரமா எடுத்துக்கறதில்ல. அடுத்தவன் வீட்டுப் புள்ளைக்கு நாம பேர் வைக்க வேண்டாம்.

ரெட்டைக்கம்பு:
இந்த ஒரு விஷயத்துல வாதாடி கூட நிக்கிறேன். எஸ்கிரிமாங்கிற சொல்லே ஸ்பானிஷ். எண்ணுறது ஸ்பானிஷ்ல, கம்பு பிரம்பு, பிடி ஒத்தைக்கை. சிலம்பத்துல கம்பு கிட்டத்தட்ட நெற்றி உயரம் வரும். கம்பு இருக்கிற ஊர்ல எல்லாம் கம்புச்சண்டை இருக்கும்.

செபு_பழைய_ஸ்டூடண்ட்:
ரொம்ப நாளா எழுதாம படிச்சிட்டு மட்டும் இருந்தேன். நான் எம்பிபிஎஸ் படிச்சது செபுல. ரெண்டாவது வருஷம் ஹாஸ்டல் பக்கத்துல ஒரு வீட்டுக் கொல்லையில எஸ்கிரிமா வகுப்பு நடந்துச்சு. நீங்க பேசுற பெரிய பள்ளி இல்ல, சின்ன வாத்தியார். எட்டு மாசம் போனேன்.

அங்கே பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவுல சுவரே கிடையாது. நாங்க கம்பு வீசிட்டு இருப்போம், பக்கத்துல கொடியில துணி காயும். மாசப் பணத்தை மருமகள் வாங்கி பிஸ்கட் டின்ல போடுவாங்க. கணக்கு நோட்டும் அவங்க கையிலதான். வாத்தியாருக்கு வயசாயிடுச்சு, உட்கார்ந்துட்டு "ஊனோ, தோஸ், த்ரெஸ்"னு எண்ணுவார். ஊனோ எதிராளியோட இடது நெற்றிப்பொட்டுக்கு, தோஸ் வலதுக்கு, அப்படியே போய்ப் பன்னிரண்டாவது உச்சந்தலையில. (ஆமாங்க, தோசே உச்சந்தலையிலதான் விழும்.) திருத்துறது எல்லாம் மகன். அவர் வாயைத் திறக்க மாட்டார். நம்ம இடதுகை இருக்கக் கூடாத இடத்துல இருந்தா விரல் கணுவுல லேசா ஒரு தட்டு. மறுநாள் அனாடமி லேப்ல பேனா பிடிக்க முடியாது.

ரெண்டு பிரம்பு வேகமா மோதினா கருகின வாசனை வரும், தெரியுமா? முதல் நாள் யாரோ அடுப்புல எதையோ தீய விட்டுட்டாங்கன்னு நினைச்சேன். மூங்கில் மாதிரி பிரம்பு சிலாம்பா உடையாது, நார் நாரா பிரிஞ்சு துடைப்பமா ஆகும். அதுக்கு மேல டேப் சுத்திச் சுத்தி அந்த 28 அங்குலக் கம்பை மாசக்கணக்குல ஓட்டுவோம்.

அந்த வீட்டுல மகனும் மருமகளும் இல்லேன்னா வாத்தியாரோட அது முடிஞ்சிருக்கும். அதனால ரெட்டைக்கம்பு அண்ணா பக்கம் என் ஓட்டு.

வாதாடி:
நல்லா எழுதறீங்க, அடிக்கடி எழுதுங்க. ஆனா உங்க சின்ன வாத்தியார் வீட்டுக்கும் ஒரு நகரத்தோட கலையைத் தன் பேருக்குப் பட்டா போட்ட வீட்டுக்கும் வித்தியாசம் இருக்கு.

1952க்கு வாங்க. வெனான்சியோ பாகோன், செல்லப் பேர் அன்சியோங். சின்ன உருவம், லொரென்சோ சாவெத்ராகிட்ட நேரடியாப் படிச்சவர், தோசே பாரெஸோட ஆரம்ப கால ஆள். அவர் வெளியேறினார். என்ன மனக்கசப்புன்னு இந்தப் பக்கம் ஒரு கதை, அந்தப் பக்கம் ஒரு கதை. நடந்தது இதுதான்: செபுல பலிந்தவாக்ங்கிற ஒரு சின்னத் தெரு, அங்கே ஒரு கடிகார ரிப்பேர் கடை, அது சீடர் ஒருத்தரோடது. அதோட பின்கட்டுல போய் வகுப்பை ஆரம்பிச்சார். தெருப் பேரே பள்ளிப் பேர் ஆச்சு. (1896ல புரட்சி வெடிச்ச மணிலா பக்கத்துப் பலிந்தவாக் நினைவா வெச்சதுன்னு நிறைய பேர் நம்பறாங்க. இல்ல, தெருப் பேர்.)

பாகோன் செஞ்சது என்ன? ரெட்டைக்கம்பு இல்ல (கோவிச்சுக்காதீங்க), வாளும் கத்தியும் இல்ல. ஒத்தைக் கம்பு, கைக்கெட்டுற தூரம், அவ்வளவுதான். சாவெத்ராகிட்ட வாங்கினதைச் சுண்டக் காய்ச்சினார். வேர் அங்கே போச்சு, பேர் இங்கே நின்னுச்சு.

ரெட்டைக்கம்பு:
கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்னொரு பக்கமும் பார்க்கணும். கான்யெத்தே வீட்டுல எல்லாரும் ஒரே மாதிரி ஆடினதா நினைக்கறீங்களா? ஃபிலெமோன், மோமோய்னு கூப்பிடுவாங்க, வாளும் கத்தியும் ஒண்ணா பிடிக்கிறதுல பெரிய கை. தன் ஆட்டத்துக்கு சான் மிகேல்னு பேர் வெச்சார். கடைக்குட்டி சிரியாகோ, உலகத்துக்கு காகோய், 1919ல பிறந்தவர். அவர் ஜூடோ, ஜுஜிட்சு எல்லாம் படிச்சு, பூட்டு, வீழ்த்தல் எல்லாத்தையும் கம்போட கலந்து எஸ்கிரிதோன்னு தனிப்பாணி ஆக்கினார். பள்ளியோட பொதுப் பாணியும் சேர்த்து ஒரே கூரைக்குக் கீழ மூணு வாய்ப்பாடு. பாகோன் சுண்டக் காய்ச்சினார்னா இவங்க கூட்டாஞ்சோறு ஆக்கினாங்க. எது உசத்தின்னு நான் சொல்லலை, ஒண்ணு வேர் இன்னொண்ணு வெறும் பேர்ங்கிறதுதான் தப்பு.

காகோய் 1979ல செபுல நடந்த முதல் தேசிய ஆர்னிஸ் போட்டியில மாஸ்டர்ஸ் பிரிவுல ஜெயிச்சப்ப அவருக்கு 59 வயசு. 2016 பிப்ரவரியில 96 வயசுல சாகும்போதும் அவர் வாத்தியார்தான்.

வாதாடி:
காகோய் மேல எனக்கும் மரியாதை உண்டு. நூத்துக்கு மேல கவசமில்லாத சவால் சண்டை, ஒண்ணுலகூட தோக்கலைன்னு அவர் பக்கம் சொல்றதை மட்டும் கொஞ்சம் உப்பு சேர்த்துத்தான் விழுங்கறேன். யார் எண்ணினது? வீட்டு ஆளுங்க.

அதை விடுங்க. குடும்பம்தான் பசைன்னு சொன்னீங்களே, யூலோகியோ போனதுக்கு அப்புறம் என்ன ஆச்சு? ஒரு பக்கம் காகோயோட அண்ணன் மகன் டயோனிசியோ, வக்கீல், தோசே பாரெஸ் தலைமை. இன்னொரு பக்கம் சித்தப்பா காகோய், "காகோய் தோசே பாரெஸ்"னு தனி அமைப்பு. உலகம் பூரா சீடர்கள் எந்த லெட்டர்பேடுல சான்றிதழ் வாங்குறதுன்னு முழிச்சாங்க. இதுக்குத் தமிழ்ல அழகா ஒரு சொல் இருக்கு: பங்காளிச் சண்டை. கிளப்பா இருந்திருந்தா தேர்தல் வெச்சு முடிச்சிருப்பாங்க.

தோசைப்பிரியன்:
கிளப் தேர்தல்ல சண்டை வராதுன்னு சொல்ற ஆள் எங்க அபார்ட்மென்ட் அசோசியேஷன் மீட்டிங்குக்கு ஒரு தடவை வரணும்.

ரெட்டைக்கம்பு:
தோசைப்பிரியன் என் வேலையை மிச்சம் பண்ணிட்டார்.

வாதாடி, பலிந்தவாக் குடும்பம் இல்லாத பள்ளின்னு தூக்கிப் பிடிச்சீங்க. பாகோனுக்கு அப்புறம் அது எத்தனையா பிரிஞ்சுதுன்னு எண்ணிப் பாருங்க. எல்லாம் அவர் சீடர்கள்: வில்யாசின் ஒரு பக்கம், அவரும் வக்கீல், பாகோன் வாய்மொழியா சொன்னதை அடுக்கடுக்கா பாடமாக்கினவர். மரங்கா ஒரு பக்கம். தியோஃபிலோ வேலெஸ் ஒரு பக்கம். வேலெஸுக்கு அப்புறம் யாரு? அவர் மகன்கள்! குடும்பம் வேண்டாம்னு வாசல் வழியா போனவங்க வீட்டுக்கே குடும்பம் கொல்லை வழியா வந்துடுச்சு.

நீக்ரோஸ் தீவுக்காரர் ரெமி பிரெசாஸையும் பாருங்க. பழைய வாத்தியாருங்க பயிற்சியிலேயே கையில அடிப்பாங்க, புள்ளைங்க ஓடிடும். அதனால இவர் கம்பை மட்டும் அடிங்கன்னு மாத்தி, 'மாடர்ன் ஆர்னிஸ்'னு பேர் வெச்சு, பள்ளிக்கூட உடற்பயிற்சி வகுப்பு வரைக்கும் கொண்டுபோனார். பாகோனோட கலையும் படிச்சவர். அவர் தம்பி எர்னெஸ்டோ தனியா கொம்பாட்டான்னு ஒண்ணு ஆரம்பிச்சார். ரெமி 2001ல போனதும் சீடர்கள், பிள்ளைகள்னு ஆளுக்கு ஒரு அமைப்பு. பிரியறது இந்தக் கலையோட சுபாவம், குடும்பத்தோட நோய் இல்ல.

வாதாடி:
வேலெஸ் மகன்கள் விஷயம் சரிதான், ஒத்துக்கறேன். அதை நான் யோசிக்கலை.

ஆனா பிரிவு மட்டும் என் புகார் இல்ல. டயோனிசியோ முன்ன நின்னு 1987ல எஸ்கிரிமா உலகக் கூட்டமைப்பு ஒண்ணு உருவாச்சு, 1989ல செபுலயே முதல் உலகப் போட்டி. தலைக்குக் கம்பி முகமூடி, முட்டி வரைக்கும் பஞ்சுக் கவசம், நிமிஷக்கணக்குல சுற்று. வீடியோ பாருங்க: ரெண்டு பேரும் தடுக்கறதே இல்ல, கல்யாண மேளக்காரர் மாதிரி மாத்தி மாத்தி வாங்கி வாங்கி அடிக்கறாங்க. செபு மாணவி சொன்ன மகன் விரல்ல தட்டினாரே, அந்த ஒரு தட்டுல இருந்த பாடம் அந்த மேடையில இல்ல. வீட்டு ஆளுங்கதான் கலையைக் காப்பாத்தறாங்கன்னா, கவசத்தைக் கொண்டு வந்ததும் வீட்டு ஆளுதானே?

செபு_பழைய_ஸ்டூடண்ட்:
இது உண்மை. எங்க வாத்தியார் கவசப் போட்டியை "தலகாணிச் சண்டை"ன்னு அர்த்தம் வர்ற மாதிரி ஏதோ சொல்லிச் சிரிப்பார். ஆனா அவர் பேரனை அதுக்குத்தான் அனுப்பினார். ஊர்ல பத்துப் பசங்க கம்பு பிடிக்க வர்றதே மெடலுக்குத்தான். 2009ல ஆர்னிஸை தேசியத் தற்காப்புக் கலைன்னு சட்டமாவே போட்டாங்க. போட்டின்னு ஒண்ணு கண்ணுக்குத் தெரிஞ்சதாலதான் அதெல்லாம் நடந்ததுன்னு வாத்தியார் மகன் சொல்வார்.

ரெட்டைக்கம்பு:
அந்தப் பேரன் விஷயம் எனக்கு முழு வாதம்.

சாவெத்ரா பேர் மங்கிப்போச்சுங்கிறதுல மட்டும் வாதாடிகிட்ட எனக்குப் பதில் இல்ல. டோரிங்குக்கு அப்புறம் அந்த வீட்டுல கம்பு பிடிக்க ஆள் இருந்திருந்தா, இன்னைக்கு நான் வேற பேரைச் சொல்லி இந்த விவாதத்தை ஆரம்பிச்சிருப்பேன். அதுவும் கொஞ்சம் உறுத்துது.

வாதாடி:
@செபு_பழைய_ஸ்டூடண்ட், ஒரு சின்னக் கேள்வி. உங்க வகுப்புச் சுவத்துல யார் யார் படம் இருந்துச்சு?

செபு_பழைய_ஸ்டூடண்ட்:
பழைய ஃபோன்ல தேடிப் பார்த்தேன், ஒரு படம் கிடைச்சுது. நடுவுல வாத்தியாரோட அப்பா. வலது பக்கம் வாத்தியார் இளசா, கையில கோப்பை. இடது ஓரத்துல வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர், கம்பை மடியில வெச்சு உட்கார்ந்திருக்கார். ஒரு தடவை இவர் யாருன்னு கேட்டேன். மருமகள்தான் பதில் சொன்னாங்க: "எங்க ஆள் இல்ல, எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆள்." கீழே ஒட்டின சீட்டு மழைத்தண்ணி பட்டு மை கரைஞ்சு கிடக்கு, ஒரு எழுத்துகூட படிக்க முடியலை. இணைச்சிருக்கேன், பெருசு பண்ணிப் பார்த்துச் சொல்லுங்க.

ரெட்டைக்கம்பு:
படம் திறக்கலைம்மா. திரும்ப ஏத்துங்க.