புதுப்பிப்பு: மென்டலிசம் சந்திப்புக்குப் போய்வந்தேன்

மேடையே ஏறாதவன் மென்டலிசக் கலைஞர்களின் (மனதைப் படிப்பதுபோல் வித்தை காட்டுபவர்கள்) ஒருநாள் சந்திப்புக்குப் போகலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். தயங்காமல் போகச் சொன்னீர்கள். ஞாயிற்றுக்கிழமை போய்வந்தேன், ரொம்ப நன்றி.

மொத்தம் இருபது பேர்தான். காலையில் மடித்த சீட்டைப் படிக்கும் வித்தைகள், பெரும்பாலும் எனக்குப் பழகியவை.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தசை வாசிப்பு. 1870களில் அமெரிக்காவில் ராண்டல் பிரவுன் மேடையேற்றி, பிறகு வாஷிங்டன் இர்விங் பிஷப் லண்டன் வரை கொண்டுபோன வித்தை. ஒருவர் சாவியை ஒளித்துவைப்பார். அவர் மணிக்கட்டைப் பிடித்தபடியே நான் தேட வேண்டும். தப்பான பக்கம் நகர்ந்தால் கை லேசாக இறுகுகிறது, சரியான பக்கம் என்றால் இளகிவிடுகிறது. அவருக்கே அது தெரியாது! நினைப்பு இப்படித் தசையை அசைப்பதற்குத்தான் 1852இல் உடலியல் அறிஞர் வில்லியம் கார்பென்டர் 'ஐடியோமோட்டார்' என்று பெயர் வைத்தார்.

இரண்டு முறை தவறினேன். "அவசரப்படாதீங்க தம்பி, அவர் முகத்தைப் பார்க்காதீங்க, கையை மட்டும் கவனிங்க" என்றார் பக்கத்திலிருந்த பெரியவர். மூன்றாம் முறை நேராக ஜன்னல் திரைக்குப் பின்னால் போய்ச் சாவியை எடுத்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது.

புதியவன் என்று யாரும் ஒதுக்கவில்லை. அடுத்த சந்திப்பில் ஐந்து நிமிடம் செய்துகாட்டப் பெயர் கொடுத்திருக்கிறேன்.