தொடர் விளையாட்டுகளின் கால இடைவெளி: பழைய உலகத்துக்குத் திரும்பிய அனுபவங்களைப் பகிருங்கள்

தொடக்கப் பதிவு

பாகம் பாகமாக வரும் கணினி விளையாட்டுகளில் இரண்டு இடைவெளிகள் உண்டு. ஒரு பாகத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் நாம் காத்திருக்கும் காலம் ஒன்று. கதைக்குள்ளேயே கடந்துபோகும் காலம் மற்றொன்று. இரண்டும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயமில்லை. ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ என்னும் கற்பனை உலக விளையாட்டு வரிசையில் ‘மோரோவிண்ட்’ 2002இலும் ‘ஒப்ளிவியன்’ 2006இலும் வெளிவந்தன. கதையில் கடந்ததோ மூன்றாம் யுகத்தின் 427 முதல் 433 வரையிலான ஆறே ஆண்டுகள். ஆனால் 2011இல் வந்த ‘ஸ்கைரிம்’ நான்காம் யுகம் 201இல் நடக்கிறது. நாம் ஐந்தாண்டு காத்திருந்த நேரத்தில் கதை நடக்கும் டாம்ரியல் கண்டம் இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது.

இந்தத் தாவலின் முழு எடையையும் நான் உணர்ந்தது சோல்ஸ்தைம் தீவில்தான். ‘மோரோவிண்ட்’டின் ‘பிளட்மூன்’ என்ற விரிவாக்க இணைப்பில் (2003), அந்தத் தீவிலுள்ள ரேவன் ராக் என்னும் சுரங்கக் குடியிருப்பை, வெறும் கடற்கரையில் தொடங்கி, கட்டடம் கட்டடமாக வளர்ப்பது நம் பொறுப்பு; யார் பக்கம் நிற்கிறோம் என்பதையும் நாமே முடிவு செய்வோம். 2012 டிசம்பரில் ‘ஸ்கைரிம்’மின் ‘டிராகன்பார்ன்’ இணைப்பு வந்ததும் கப்பலேறி அதே துறைமுகத்தில் இறங்கினேன். ஊர் முழுக்கச் சாம்பல் படிந்திருக்கிறது. சாம்பல் புயலையும் பகைவரையும் தடுக்க நெடுமதில் எழுப்பியிருக்கிறார்கள். சுரங்கம் மூடிக் கிடக்கிறது. ஆள்வது ரெடோரன் குலம். நான் எடுத்த முடிவுகளைப் பற்றிப் பேச அங்கே எவருமில்லை. அது எனக்கு ஏமாற்றமாகவும் இல்லை, ஏனெனில் அந்தச் சாம்பலுக்கு ஒரு காரணம் இருந்தது. ‘மோரோவிண்ட்’டில் விவெக் நகரத்தின் மேல் ஒரு பெரும்பாறை அந்தரத்தில் தொங்கும், அதைக் குடைந்து சிறைச்சாலை அமைத்திருப்பார்கள், உள்ளே புகுந்து ஒரு பெண் துறவியை மீட்க வேண்டியிருக்கும். நான்காம் யுகம் 5இல் அந்தப் பாறைதான் நகரத்தின் மீது விழுந்தது, செம்மலை என்னும் எரிமலை வெடித்தது. நான் அன்று தலை நிமிர்ந்து பார்த்த பாறையின் விளைவு இன்று என் காலடியில் கிடந்தது.

கதைக்காலம் நீண்டால் லோர் (அந்தக் கற்பனை உலகின் வரலாறும் மரபும்) கெட்டுவிடும் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை இதனால் நான் ஏற்பதில்லை. பழைய பாகத்தில் நாம் தொட்டுப் பார்த்த ஒன்று புதிய பாகத்தின் நிலத்தில் தடயம் விட்டிருக்கிறதா என்பதே என் அளவுகோல். உங்கள் அனுபவம் என்ன?

மறுமொழி 1

நீங்கள் இடத்தைச் சொன்னீர்கள்; நான் மனிதர்களைச் சொல்கிறேன். ‘ஸ்கைரிம்’மின் டான்ஸ்டார் ஊரில் சைலஸ் வெசூயஸ் என்பவர் தம் வீட்டிலேயே ஓர் அருங்காட்சியகம் திறக்கிறார். ‘ஒப்ளிவியன்’ காலத்தில் பேரரசரைக் கொன்ற மித்திக் டான் கூட்டத்தின் எச்சங்கள் அங்கே கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருக்கின்றன. எந்தச் செவ்வங்கிக்காரர்களைக் கண்டாலே வாளை உருவினேனோ, அவர்களுடைய அங்கி பார்வைப் பொருளாகிவிட்டது. அக்கூட்டத்தில் தம் முன்னோர் இருந்ததைச் சிறிதும் கூச்சமின்றி அவர் விவரிப்பதைக் கேட்டபோது, இருநூறு ஆண்டுகள் என்றால் என்னவென்று எந்தக் காலவரிசை அட்டவணையும் உணர்த்தாத அளவுக்கு எனக்கு உறைத்தது.

இதைவிட நுட்பமானது சாலிட்யூட் நகரின் நீல அரண்மனையில் நடக்கும் நிகழ்ச்சி. எப்போதோ இறந்துபோன பித்துப்பிடித்த பேரரசர் பெலேஜியஸின் மனத்துக்குள் பித்துக் கடவுளான ஷியோகராத்தைச் சந்திக்கிறோம். ‘ஒப்ளிவியன்’ நெருக்கடியின்போது தானும் அங்கே இருந்ததாக அவர் சொல்லி, பட்டாம்பூச்சி, குருதி, நரி, துண்டிக்கப்பட்ட தலை என்று அடுக்குகிறார். அந்த விளையாட்டை முடித்தவர்களுக்கு இவை ஒவ்வொன்றும் தாம் செய்த ஒரு வேலையின் நினைவு. ‘ஒப்ளிவியன்’ விளையாட்டின் ‘ஷிவரிங் ஐல்ஸ்’ இணைப்பின் முடிவில் நம் நாயகரே அந்தப் பித்துக் கடவுளின் அரியணையில் அமர்கிறார் அல்லவா? அரை நிமிடப் பேச்சுதான்; விளையாடாதவருக்கு அது வெறும் உளறல். விளக்கவுரை இல்லாமல் விட்டதற்காகவே எழுதியவரைப் பாராட்டுகிறேன்.

மறுமொழி 2

தொடக்கப் பதிவரிடம் ஒரு மாற்றுக் கருத்து. லோரைக் குலைப்பது கதைக்காலம் அன்று, வெளியுலகில் கடக்கும் காலம். 1998இல் இதே உலகில் நடக்கும் ‘ரெட்கார்ட்’ விளையாட்டோடு வந்த கையேடு, ‘ஒப்ளிவியன்’ நடக்கும் சிரோடீல் மாகாணத்தை வெப்பமண்டலக் காடாக வருணித்தது. நான் அதைப் படித்துவிட்டு ‘ஒப்ளிவியன்’ தொடங்கியபோது, முதல் நிலவறையை விட்டு வெளியேறிப் பார்த்தது புல்வெளியும் மிதமான வானிலையும். இடையிலிருந்த எட்டு ஆண்டுகளில் உருவாக்கியவர்கள் மனம் மாறிவிட்டார்கள் என்பதே உண்மை. பிறகு ஒட்டுப்போட வேண்டியதாயிற்று: தெய்வமாக வணங்கப்படும் பழைய பேரரசர் டாலோஸ் தம் தெய்வ ஆற்றலால் காட்டை மாற்றியமைத்தார் என்று ஒரு மரபு, படியெடுத்தவர் செய்த பிழை என்று 2014இல் வந்த ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்’ விளையாட்டுக்குள் ஒரு நூல். எனக்கு முதலாவதே பிடித்திருக்கிறது. இரண்டாவது கணக்கரின் விளக்கம்போல இருக்கிறது.

இதே வரிசையின் ‘டாகர்ஃபால்’ (1996) பல முடிவுகளைக் கொண்டிருந்தபோது அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல், காலமே முறிந்து எல்லாம் ஒருசேர நடந்தன என்று அறிவித்த துணிச்சலையும் இங்கே குறிப்பிட வேண்டும். இருநூறு ஆண்டு தாவி நழுவுவதைக் காட்டிலும் அது நேர்மையானது.

மறுமொழி 3

என் அனுபவம் ‘பால்டர்ஸ் கேட்’ என்ற வேறொரு விளையாட்டு வரிசையைச் சேர்ந்தது. இரண்டாம் பாகம் 2000இல், மூன்றாவது 2023இல். கதையில் அந்த உலகின் ஆண்டுக்கணக்கில் 1369இலிருந்து 1492. இரு காலங்களும் நீண்டுபோன அரிதான நிலை இது. பழைய பாகத்தின் தோழர்களில் ஜஹைரா, நெடுநாள் வாழும் அரை எல்ஃப் இனத்தவர் என்பதால் முதுமையோடு உயிர் வாழ்கிறார், மின்ஸ்க் கல்லாகிக் கிடந்ததால் அப்படியே மீள்கிறார். ஜஹைரா பழைய போர்களைப் பேசும்போது அந்தக் களைப்பு என்னுடையதாகவும் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் நானும் மூத்துவிட்டேனே! இன்னொரு பழைய தோழியான விகோனியாவை ஷார் என்னும் தெய்வத்தின் கொடுந்தலைவியாகச் சந்தித்தபோதுதான் மனம் ஒப்பவில்லை. இரண்டாம் பாகத்தில் அவருடைய மனத்தை மெல்ல மாற்றி நல்வழிப்படுத்த முடியும், நான் அப்படித்தான் விளையாடினேன். இடைக்காலத்தில் ஏதேனும் நடந்திருக்கலாம் என்று வாதிடலாம். அந்த ‘ஏதேனும்’ காட்டப்படவில்லை.

தொடக்கப் பதிவர்

மறுமொழி 2 எழுதிய நண்பருக்கு: சிரோடீல் குறித்து நீங்கள் சொல்வது சரி. ஆனால் நழுவுவது என்ற சொல் கடுமையானது. ‘ஸ்கைரிம்’ உள்நாட்டுப் போரில் பேரரசு வென்றதா, கிளர்ச்சித் தலைவர் உல்ஃப்ரிக் வென்றாரா என்பதை நம் கையில் விட்டது. அதற்கு அடுத்த பாகமான ஆறாம் பாகம் 2018இல் ஒரு மலைக்காட்சியோடு அறிவிக்கப்பட்டது. ‘ஆன்லைன்’ விளையாட்டோ ‘ஸ்கைரிம்’ நிகழ்வுகளுக்கு ஏறத்தாழ 950 ஆண்டு முன்னே சென்று அந்தச் சிக்கலைத் தொடாமல் ஒதுங்கிக்கொண்டது. அடுத்த பாகமோ ஒதுங்க முடியாது. ஒன்று, வென்றவரை அறிவிக்க வேண்டும். அல்லது காலத்தை மீண்டும் முறிக்க வேண்டும். அல்லது இன்னொரு நூற்றாண்டைத் தாண்டிச் சென்று, உல்ஃப்ரிக்கின் விண்ட்ஹெல்ம் அரண்மனையில் எந்தக் கொடி பறக்கிறது என்பதைச் சொல்லாமலே விட வேண்டும். மூன்றாவதுதான் நடக்கும் என்று பந்தயம் கட்டுவேன். மறுப்பவர்கள் எழுதுங்கள்.